ஓணான் சொன்ன சாட்சி

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஓணானின் சொல்லுக்கு இருந்த மதிப்பே வேறு. கிளுவை வேலியில் உட்கார்ந்து தோட்டத்தைக் காவல் காப்பது அதன் வேலை. வழக்கு எதுவானாலும் சரி, ஓணான் பார்த்தது என்றால் அதற்குமேல் பேச்சில்லை. பாவம், அந்தப் பெருமைதான் அதைக் கெடுத்தது.

ஒரு நாள் தோட்டக்காரி பூவாத்தாள் பாறையில் விதைக் கம்பைக் காயப்போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். காவலிருந்த ஓணான் வெயில் சுகத்தில் கண்ணயர்ந்துவிட்டது. அவள் திரும்பி வந்து பார்த்தால் பாறை வெறுமையாகக் கிடக்கிறது. அடுத்த வெள்ளாமைக்கு வைத்திருந்த விதை. தலையில் கைவைத்தபடி, யார் எடுத்தது என்று ஓணானைக் கேட்டாள்.

தூங்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. வேலியடிப் புதரில் அடைகாத்திருந்த கவுதாரி கண்ணில் பட்டது. கவுதாரிதான் என்று சொல்லிவிட்டது. சும்மாவா சொன்னது? சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டி வந்தது, வாரி வாரித் தின்றது என்று கண், காது, மூக்கு வைத்து இட்டுக்கட்டியது. சொல்லச் சொல்ல அதற்கே நடந்தது போலத்தான் இருந்தது.

கவுதாரி வேலியடியில் வந்து நின்றது.

"என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்கண்ணா. நானா எடுத்தேன்?"

ஓணான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டியது.

பூவாத்தாள் அரிவாளை எடுத்துப் புதரை வெட்டிச் சாய்த்தாள். முட்டைகள் அத்தனையும் நொறுங்கிப்போயின. கவுதாரி அழக்கூட இல்லை. பறக்கத் தெம்பில்லாமல் நடந்தே போய்விட்டது.

பொழுது சாய அவள் புருஷன் நாச்சிமுத்து சந்தையிலிருந்து வந்தான். விஷயத்தைக் கேட்டுத் திகைத்தான்.

"மயிலுக எறங்குச்சு. தின்னுபோடுமேன்னு நாந்தான் கம்ப அள்ளிக் குதிருக்குள்ள கொட்டிப்போட்டுப் போனேன்."

பூவாத்தாள் கையிலிருந்த அரிவாளைக் கீழே போட்டாள். ஓணானைப் பார்த்து, "அப்ப நீ பாத்தேன்னது?" என்றாள்.

இல்லை, நான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லத்தான் ஓணான் வாயைத் திறந்தது. அவமானத்தில் தொண்டைக்கு ரத்தம் ஏறியது. குரல் வரவில்லை. தலைதான் மேலும் கீழும் ஆடியது. இல்லை என்று சொல்ல முயன்றபோதெல்லாம் ஆமாம் என்றே ஆடியது. அதற்குப்பிறகு அதை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்று முதல்தான் ஓணான் தொண்டை சிவக்க வேலியில் தலையாட்டிக்கொண்டிருக்கிறது. உதவாத சாட்சியை நாமும் 'வேலிக்கு ஓணான் சாட்சி' என்கிறோம். கவுதாரி மட்டும் இன்னமும் விடிந்ததும் எங்கோ தூரத்திலிருந்து, நானா எடுத்தேன் என்று அதையே கேட்டுக் கேட்டுக் கூப்பிடுகிறது. ஓணானும், பாவி, ஆமாம் ஆமாம் என்றே ஆட்டுகிறது.