இடம் இருக்கு, உள்ளே போங்க

"அம்மா, கோபம் போறதுக்கு எனக்கு ஒரு மந்திரம் குடுங்க" என்றார் மருதப்பர்.

மலையடி மடத்தின் தலைவி நாச்சியாரம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மருதப்பரின் மூத்த மகளைவிட அவருக்கு வயது குறைவு. ஆனாலும் மருதப்பர் அவர் எதிரே உட்கார மாட்டார். நின்றுகொண்டேதான் பேசுவார்.

"யார் மேல கோபம் ஐயா?"

"ஜமீன் மேல."

ஜமீன் மடத்து நாய். வேலை வெட்டி இல்லாமல் வாசலில் காலை நீட்டிக் கிடப்பதைப் பார்த்து மருதப்பரே வைத்த பெயர் அது. தன் சோற்றில் பாதியைப் போட்டு வளர்த்தவரும் அவர்தான்.

"நேத்து சாயங்காலம் ஆசையா மடியில வந்து ஏறுச்சு. கையில இருந்த செம்பால அடிச்சிட்டேன். இன்னைக்கு நொண்டுதும்மா."

மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்தது மனுஷங்களை அடிச்சிருவேனோன்னு பயமா இருக்கு. அதுக்குள்ள மடத்தை விட்டே போயிடலாம்னு பாக்கறேன்."

"ராத்திரி தூங்கினீங்களா?"

"தூக்கமா? அது வந்து எத்தனையோ நாளாச்சு."

அம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

"சாப்பாட்டு நேரத்துல தர்றேன் மந்திரம். போங்க."

மருதப்பருக்கு உள்ளூர வருத்தம்தான். இவ்வளவு சொல்லியும் இந்த அம்மா கீரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே போனார்.

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படிக்கட்டில் ஆட்கள் தொங்கினாலும் கை காட்டியவரை விட்டுவிட்டுப் போனது கிடையாது. "உள்ளே போங்க, இடம் இருக்கு!" என்று கத்திக் கத்தியே ஒரு ஆயுளைக் கழித்தவர். வேலையை விட்டார், மடத்தோடு வந்து சேர்ந்தார். குணத்தை விடவில்லை.

மாட்டுக் கொட்டகைக்கு ஆள் இல்லை என்றார்கள். "அதுக்கென்ன, நான் பாத்துக்கறேன்."

இரவுக் காவலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். "அதுக்கென்ன."

மனக்கஷ்டத்தோடு வருகிறவர்கள் பேசுவதை உட்கார்ந்து கேட்க யாராவது வேண்டும் என்றார்கள். அதற்கும் அதே "அதுக்கென்ன"தான்.

இதில் வையாபுரி என்று ஒருவர். பக்கத்து ஊர்க்காரர். தினமும் மதியம் வந்து, தம்பியோடு நடக்கிற சுவர்த் தகராறை முதலிலிருந்து சொல்லுவார். அந்தச் சுவர் இன்னும் எழும்பவும் இல்லை, இடியவும் இல்லை. இரவெல்லாம் காவல் இருந்த மருதப்பர், கண்ணை இழுத்துப் பிடித்துக்கொண்டு "ம்" கொட்டுவார்.

மடத்தில் அவர் பெயரே "அதுக்கென்ன ஐயா" என்றாகிவிட்டது. பாவம், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மணி அடித்தது. எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

மடத்துப் பந்தியில் பேசக் கூடாது. போதும் என்றால் இலைக்கு மேலே கையை நீட்டி மறிக்க வேண்டும். மறிக்கும் வரை பரிமாறுகிறவர் அந்த இலையை விட்டு நகரக் கூடாது. வழக்கம் அது.

அன்று ரச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தது நாச்சியாரம்மா. எல்லோருக்கும் ஆச்சரியம். வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்து, மருதப்பர் இலைக்கு முன்னால் நின்றார்.

ஒரு கரண்டி. மருதப்பர் சோற்றில் குழி செய்து வாங்கிக்கொண்டார்.

இன்னொரு கரண்டி. குழி நிரம்பியது.

அம்மா கையால் ஊற்றுவதை எப்படி மறிப்பது? மருதப்பர் சோற்றை அவசரமாக ஒதுக்கி வரப்பு கட்டினார்.

இன்னொரு கரண்டி. வரப்பு உடைந்தது. ரசம் பொரியலைக் கூட்டிக்கொண்டு இலையின் ஓரத்துக்கு ஓடியது. பக்கத்தில் இருந்தவர் தன் இலையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

மருதப்பர் நிமிர்ந்து பார்த்தார். அம்மாவின் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

இன்னொரு கரண்டி. சூடான ரசம் வேட்டியை நனைத்துத் தொடையில் சுட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

கரண்டி மறுபடியும் வாளிக்குள் இறங்கியது.

"போதும்மா!"

பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது. மருதப்பரின் கை இலைக்கு மேலே நின்றது. "போதும்... போதும்மா, என்னால முடியல" என்றார். பிறகு குழந்தை மாதிரி அழுதார். ரசத்துக்காக யாரும் அப்படி அழ மாட்டார்கள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

அம்மா வாளியைக் கீழே வைத்தார். மருதப்பர் அருகில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"கையைக் காட்டியிருந்தா முதல் கரண்டியிலயே நின்னிருப்பேனே ஐயா."

"நீங்க ஊத்தறப்ப எப்படிம்மா மறிக்கிறது?"

"மறிச்சா நான் கோவிச்சுக்குவேனா?"

"மாட்டீங்க."

"அப்புறம்?"

மருதப்பர் நனைந்த வேட்டியை உதறிக்கொண்டார்.

அம்மா ஒரு துணியை எடுத்துவந்து தரையைத் துடைக்கத் தொடங்கினார். மருதப்பர் பதறிப்போய், "அதுக்கென்ன, நான்..." என்று எழுந்தார்.

அம்மா துணியைப் பிடித்த கையை நிறுத்தி அவரைப் பார்த்தார்.

மருதப்பர் உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாடு முடிந்து வாசலுக்கு வந்தார். வேப்பமர நிழலில் துண்டை விரித்தார். ஜமீன் தூரத்தில் நின்று, வரலாமா வேண்டாமா என்று பார்த்தது. அவர் கூப்பிடவில்லை, கூப்பிட வெட்கமாக இருந்தது. கையை மட்டும் நீட்டினார். அது நொண்டிக்கொண்டே வந்து, அந்தக் கையை மோந்து பார்த்துவிட்டு, காலடியில் சுருண்டு படுத்தது.

அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோது வாசல் கதவு கிறீச்சிட்டது.

"ஐயா, நேத்து என் தம்பி அந்தச் சுவர்கிட்ட வந்து நின்னுக்கிட்டு..." என்று வையாபுரி ஆரம்பித்தார்.

மருதப்பர் வழக்கம்போல வாயைத் திறந்தார். வந்த சொல்லை விழுங்கினார். கை தானாக மேலே எழுந்து, இலைக்கு மேலே நின்ற மாதிரியே நின்றது.

"வண்டியில இடம் இல்லீங்க."

வையாபுரி திகைத்துப் போனார்.

"என்னய்யா சொல்றீங்க?"

"அடுத்த வண்டி வரும். அதுல ஏறிக்கங்க."

"அது எப்ப வரும்?"

மருதப்பர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் தூங்கி எழுந்ததும்."