நீர்நாய் கட்டிய மீசைப் பந்தயம்

கருமடுக் குளத்து நீர்நாய்க்கு உலகத்தில் இரண்டு பெருமைகள். ஒன்று, அதன் மீசை. மற்றொன்று, மலைக்கரடிக்குத் தான்தான் முதல் ரசிகன் என்பது.

மீசை வெறும் அழகுக்கு இல்லை. மூழ்கிப் பாயும்போது கிளம்பும் சேற்றில் கண் தெரியாது. பக்கத்தில் மீன் வாலை ஆட்டினால் மீசை நுனி சிலிர்க்கும். அந்தத் திசையில் பாய்ந்தால் சாப்பாடு. மீசை இல்லாத நீர்நாய் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

கோடை பிறந்தது. ஆறு வற்றி மணல் தெரிந்தது. ஒரு காலையில் கிளி மரத்துக்கு மரம் பறந்து கத்தியது.

"கேளுங்க, கேளுங்க! கொன்றைப்பூ உதிர்றதுக்குள்ள ஆத்து மணல்ல பெரிய உடம்புக்காரங்க சண்டை! முட்டலாம், தள்ளலாம், கட்டிப் புரளலாம், காலை வாரலாம்! தெரிஞ்ச வித்தை எல்லாத்தையும் கலந்து காட்டலாம்! கடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது! யானையம்மாதான் நடுவர்!"

யானையம்மா பெரிய உடம்புக்காரி இல்லையா, அவள் ஏன் சண்டைக்கு வரவில்லை என்று கேட்பீர்கள். அவள் வந்தால் வேறு யாரும் வர மாட்டார்கள். அதனால்தான் மரியாதையாக நடுவர் ஆக்கிவிட்டார்கள்.

மலைக்கரடி, காட்டெருமை, முதலை, காட்டுப்பன்றி ஆகிய நான்கு பேரும் சண்டைக்கு முன்வந்தார்கள். ஜெயிப்பவர் இடுப்பில் பூ வைத்துப் பின்னிய கொடிப்பட்டை ஏறும். அருவிக்குக் கீழே இருக்கும் குளுகுளு சேற்றுக்குழியும் கோடை முழுக்க அவருக்கே சொந்தம்.

அன்று முதல் காட்டில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. எங்கே பார்த்தாலும் சண்டைப் பேச்சுதான். மரங்கொத்திகள் மேளம் பழகின. தவளைகள் கோஷம் எழுதின. குரங்குகள் களிமண்ணில் கரடிக்குச் சிலை செய்து, அதன் தலையில் தேனை ஊற்றின. அந்தத் தேனால் வயிறு நிறைந்தது எறும்புகளுக்குத்தான். பிறந்ததிலிருந்து ஒரு புல்லைக்கூடத் தள்ளியிராத நத்தை, எந்தப் பிடியை எப்படி விடுவிப்பது என்று ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்தது.

குளத்தின் மேலே மருத மரக்கிளை ஒன்று வளைந்து நிற்கும். அது மீன்கொத்தியின் கிளை. அங்கே உட்கார்ந்தால் குளத்தின் அடிவரை தெரியும். அதைவிட நல்ல இடம் எந்த மீன்கொத்திக்கும் வாய்க்காது. அந்த மீன்கொத்தி காட்டெருமையின் ரசிகை. போதாதா வம்புக்கு!

"எங்க அண்ணன் முட்டினா மலையே நகரும்! உங்க கரடி எம்மாத்திரம்?" என்றது மீன்கொத்தி.

"எங்க தலைவர் ஒரு பிடி பிடிச்சா உங்க எருமை மூச்சு விட மறந்துடும்!" என்றது நீர்நாய்.

"வாய்ப்பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை!"

"வாய்ப்பேச்சா? பட்டை எங்க தலைவர் இடுப்புல ஏறலைன்னா என் மீசையை எடுத்துடறேன்!"

தவளைகள் பாதிக் கோஷத்தில் வாயை மூடிக்கொண்டன. வளைக்குள்ளிருந்து ஒரு நண்டு மெல்லத் தலையை நீட்டியது.

"ஒரு பக்க மீசையா, முழு மீசையா?" என்று கேட்டது.

"முழு மீசை!" என்று கத்திய பிறகுதான் நீர்நாய்க்குத் தான் சொன்னது காதில் விழுந்தது.

மீன்கொத்தி மட்டும் சும்மா இருக்குமா? "பட்டை எங்க அண்ணனுக்கு வரலைன்னா, மழை வர்ற வரைக்கும் இந்தக் கிளையில கால் வைக்க மாட்டேன்! போதுமா?"

"போதும், போதும். சவரத்துக்கு நான் இருக்கேன்," என்று கொடுக்கைத் தேய்த்துக்கொண்டே நண்டு வளைக்குள் போனது.

அன்றிலிருந்து நீர்நாய்க்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்கும், மீசையைத் தடவும், பெருமூச்சு விடும். கடைசியில் மலைக்கு ஓடியது.

கரடி அப்போது ஒரு வேங்கை மரத்தைக் கட்டிப்பிடித்துப் பிடி பழகிக்கொண்டிருந்தது.

"தலைவா! என்ன இது, இப்படி இளைச்சுப் போயிட்டீங்க! கனத்தவங்க சண்டைக்குக் கனம் வேணாமா?" என்று பதறியது நீர்நாய். "நீங்க உக்காருங்க. மீதியை நாங்க பாத்துக்கறோம்!"

ரசிகர் படையே திரண்டது. குரங்குகள் பலாச்சுளை கொண்டுவந்தன. அணில்கள் இலுப்பைப் பூ பொறுக்கி வந்தன. எங்கெங்கோ அலைந்து தேனடை வந்தது. நீர்நாய் தன் கையாலேயே ஊட்டியது.

"தம்பி, போதும்பா. நான் வயித்தைக் காலியா வச்சுக்கிட்டு மலை ஏறி இறங்கணும்."

"நீங்க ஏன் தலைவா ஏறணும்? நீங்க மூச்சு விட்டாலே எருமை விழுந்துடும்! இந்தாங்க, ஒரே ஒரு சுளை!"

கரடி நல்ல மனசுக்காரன். இவ்வளவு ஆசையாகக் கொடுப்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை. ஒரு சுளை என்பது ஒரு பழமாகி, ஒரு மரமானது. மலை ஏறுவது நின்றது. பிறகு எழுந்து நிற்பதே குறைந்தது.

அந்தப் பக்கம் காட்டெருமையின் பாடு இன்னும் மோசம். மீன்கொத்தி அதன் கொம்பிலேயே குடியேறிவிட்டது.

"தள்ளுங்க அண்ணே! இன்னும் ஒரு பாறை!"

"அம்மாடி, தின்ன புல்லையாவது கொஞ்சம் அசை போட்டுக்கறேனே."

"சண்டை முடிஞ்சதும் ஆற அமர அசை போடுங்க! அங்க கரடி எப்படித் தேறிட்டான் தெரியுமா? தள்ளுங்க!"

பாவம், காட்டெருமை தள்ளியது. பாறை தீர்ந்தால் மரம், மரம் தீர்ந்தால் மறுபடியும் பாறை. அதன் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக வெளியே எட்டிப் பார்த்தன.

முதலைக்கு ரசிகர்கள் உண்டு. ஆனால் பயத்தில் யாரும் கிட்டே போவதில்லை. காட்டுப்பன்றிக்கு ரசிகர் என்று ஒரு பூச்சிகூடக் கிடையாது. அது விடிந்ததும் மண்ணைத் தோண்டிக் கிழங்கு எடுக்கும். கழுத்துக்கும் தோளுக்கும் அதுவே பயிற்சி. வயிறு நிறைந்ததும் நிறுத்தும். வெயில் ஏறினால் நிழலில் தூங்கும். உன் பேர் என்னப்பா என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

போட்டி நாள் வந்தது. அடடா, அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கிளைகள் பாரம் தாங்காமல் தாழ்ந்தன. ஆமைகள் முந்தின வாரமே கிளம்பி வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்டன. மரங்கொத்திகள் கொட்டிய கொட்டில் உளுத்த மரங்கள் உதிர்ந்தன. அத்தனை பேர் முகத்திலும் கல்யாண வீட்டுக் களை.

"முதல் சண்டை, மலைக்கரடிக்கும் காட்டெருமைக்கும்!" என்று யானையம்மா பிளிறினாள். காடே ஓவென்று கத்தியது.

கரடி வந்தது. நடந்து வந்ததா, உருண்டு வந்ததா என்று சொல்வது கஷ்டம். காட்டெருமையும் வந்தது. அதன் கால்கள் நான்கும் நான்கு பக்கம் போகப் பார்த்தன.

இரண்டும் மணலின் நடுவுக்கு வந்தன. கரடி கைகளை விரித்தது. காட்டெருமை தலையைத் தாழ்த்தியது. கரடி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. காட்டெருமை கரடியின் தோளில் தலையைச் சாய்த்தது. அவ்வளவுதான். இரண்டும் அசையவில்லை.



"இது என்ன பிடி?" என்று தவளை நத்தையிடம் கிசுகிசுத்தது.

"இதுவா? ரொம்பப் பழைய பிடி. எதிராளி பலத்தை அப்படியே உறிஞ்சி எடுத்துடும். பாத்துக்கிட்டே இரு, எருமைக்கு இப்பவே பாதி பலம் போச்சு!" என்றது நத்தை.

"விடாதீங்க தலைவா!" என்று நீர்நாய் தொண்டை கிழியக் கத்தியது. "முட்டுங்க அண்ணே!" என்று மீன்கொத்தி அதற்கு மேல் கத்தியது.

அப்போது மணலின் நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கொர்ர்ர். அதற்குப் பதில் போல இன்னொரு சத்தம் வந்தது. புர்ர்ர்.

யானையம்மா கிட்டே போய்க் காதை வைத்துக் கேட்டாள். பிறகு துதிக்கையால் தண்ணீர் எடுத்து இரண்டு பேர் முகத்திலும் தெளித்தாள்.

"இன்னொரு சுளை வேணாம்பா," என்று கரடி தூக்கத்தில் முனகியது.

"இன்னொரு பாறை வேணாம்மா," என்று காட்டெருமை தூக்கத்தில் அழுதது.

அவ்வளவுதான், காடே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. குரங்குகள் கிளையிலிருந்து விழுந்து சிரித்தன. இருவர் மட்டும் சிரிக்கவில்லை. நீர்நாய் இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டது. மீன்கொத்தி தன் கிளை இருக்கும் திசையைப் பார்த்தது.

"ரெண்டு பேரும் அவுட்!" என்று யானையம்மா தீர்ப்புச் சொன்னாள். "அடுத்த ஜோடி வாங்க!"

முதலை வாயைப் பிளந்துகொண்டு வந்தது. காட்டுப்பன்றி மணலை ஒருமுறை முகர்ந்தது. கிழங்கைப் பெயர்ப்பது போல முதலையின் வயிற்றுக்கடியில் மூக்கைக் கொடுத்தது. ஒரே நெம்பு. முதலை மல்லாந்து கிடந்தது!

"தண்ணிக்குள்ள வா, பாத்துக்கறேன்!" என்று மல்லாந்தபடியே முதலை கத்தியது. அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. எதிர்த்து நிற்க வேறு ஆளில்லாததால் காட்டுப்பன்றியே வெற்றிவீரன் என்று யானையம்மா பட்டையைக் கட்டிவிட்டாள்.

"வாழ்க!" என்று தவளைகள் ஆரம்பித்தன. "வாழ்க... யாரு வாழ்க? இவர் பேர் என்ன?"

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காட்டுப்பன்றி கூச்சத்துடன் காதை ஆட்டியது.

"மண்ணாங்கட்டிங்க," என்றது.

"மண்ணாங்கட்டி வாழ்க!" காடு அதிர்ந்தது. காட்டுப்பன்றிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அந்த நிமிஷம் பட்டையையும் சேற்றுக்குழியையும்விடத் தன் பெயர்தான் அதற்குப் பெரிய பரிசாக இருந்தது.

ஆரவாரத்துக்கு நடுவே நண்டு பக்கவாட்டில் நடந்து வந்தது. "சவரம்," என்று பணிவாகச் சொன்னது.

சத்தத்தில் கரடியும் காட்டெருமையும் விழித்துக்கொண்டன. நடந்ததையும் பந்தயத்தையும் கிளி ஒன்றுவிடாமல் சொன்னது. கரடி நீர்நாயைப் பார்த்தது.

"ஏன்பா, நீ ஊட்டினது எனக்கா, உன் மீசைக்கா?"

நீர்நாய்க்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "மீசைக்குத்தான் அண்ணே," என்றது. "தோத்துடுவோமோன்னு பயம். உங்களைப் பத்தி நினைக்கவே இல்லை."

"பசிக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

நீர்நாய் தேம்பித் தேம்பி அழுதது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முகத்தை நீட்டியது. "சொன்னது சொன்னதுதான். எடு நண்டே!"

நண்டின் கொடுக்கு ஓடியது. நீர்நாயின் முகம் உரித்த வெங்காயம் போல ஆனது. மீன்கொத்தியும் தன் கிளைக்குத் திரும்பாமல் குளத்தின் கரைக்கல்லில் போய் உட்கார்ந்தது. போகும்போது காட்டெருமையிடம் மன்னிப்புக் கேட்கப் பார்த்தது.

"அப்புறம் பேசலாம்மா," என்றது காட்டெருமை. "நான் இப்ப அசை போட்டுக்கிட்டு இருக்கேன்."

மறுநாள் நீர்நாய் தண்ணீரில் பாய்ந்தது. மீனுக்குப் பதிலாகப் பாறையில் முட்டிக்கொண்டு வெறுங்கையோடு வந்தது. கரைக்கல்லிலிருந்து பார்த்த மீன்கொத்திக்குக் குளத்தின் நடுப்பகுதி தெரியவில்லை. இரண்டு வயிறும் கத்தின.

கடைசியில் மீன்கொத்திதான் இறங்கி வந்தது. "ஏய், உனக்குப் பசிக்குதா?"

"ரொம்பப் பசிக்குது. உனக்கு?"

"எனக்கும்தான். உன் தலையில கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

நீர்நாய் குளத்தின் நடுவுக்கு நீந்தியது. அதன் தலையில் உட்கார்ந்து மீன்கொத்தி உற்றுப் பார்த்தது. "இடது பக்கம், கல்லுக்குப் பின்னால!" என்று சொல்லி மேலே எழும்பியது. நீர்நாய் மூழ்கியது. வாயில் கெளுத்தியோடு வெளியே வந்தது! தலை ஒருவருக்கு, வால் ஒருவருக்கு. மழைக்காலம் வந்து மீசை முளைக்கும்வரை இரண்டும் இப்படியே சாப்பிட்டன. தகராறும் உண்டு, சிரிப்பும் உண்டு.

ஒருநாள் கரடியும் காட்டெருமையும் தண்ணீர் குடிக்க வந்தார்கள். மறுபடியும் மலை ஏறி இறங்கியதில் கரடியின் உடம்பு இறுகியிருந்தது. காட்டெருமை தின்று அசை போட்டு மினுமினுவென்று இருந்தது.

"அடுத்த கோடைக்கு மண்ணாங்கட்டியோட மோதப் போறோம்," என்றது கரடி.

நீர்நாயின் வாய் துறுதுறுத்தது. தேனடை என்று தொடங்கப் போனது. மென்று விழுங்கிக்கொண்டு, "அண்ணே, நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டது.

"அன்னிக்கு வந்து நல்லாக் கத்துங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

"கத்தறதா! அது எங்களுக்குப் பிறவியிலேயே வரும்!" என்று நீர்நாயும் மீன்கொத்தியும் ஒரே குரலில் கூவின. தவளைகள் அப்போதே கோஷத்தை ஆரம்பித்துவிட்டன.

நாம் நேசிப்பவர் ஜெயிக்க வேண்டுமென்றால், நம் ஆசையை அவர் தலையில் ஏற்றாமல், அவருக்கு என்ன வேண்டும் என்று அவரையே கேட்க வேண்டும்.