பின்கதவில் இரண்டு புள்ளி

ஓய்வுபெற்ற டி.எஸ்.பி. அருணகிரியின் குரலுக்குத் தெருவே அடங்கும். மகளின் கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, கார் கழுவும் ஜெபராணியைக் கூப்பிட்டார்.

“பொண்ணும் மாப்பிள்ளையும் இதுலதான் கிளம்புறாங்க. ஒரு துளித் தடம் இருந்தாலும் நாளையில இருந்து நீ வர வேண்டாம்.”

தூத்துக்குடியில் அந்தத் தெருவின் போர்வெல் தண்ணீர் ஒரே உப்பு. காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழாமல் இருக்காது.  ஜெபராணி மாடி ஏசிகளில் சொட்டிய தண்ணீரை வாளிகளில் பிடித்து வைத்திருந்தாள். காரை நிழலில் நிறுத்தச் சொல்லி, அந்தத் தண்ணீரிலேயே கழுவி, பழைய வேட்டியால் ஒற்றி எடுத்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து, சொந்தக்காரர்கள் பார்க்க, அருணகிரி காரைச் சுற்றி வந்தார். மகள் உட்காரப்போகும் பின்கதவில் விரலை வைத்தார்.

“இது என்ன?”

இரண்டு வெள்ளைப் புள்ளிகள்.

ஜெபராணி பக்கத்தில் வந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். “நான் கழுவுனது ஏசி தண்ணிங்கய்யா. அதுல உப்பு கிடையாது. கழுவுன பிறகு இந்தக் கதவுகிட்ட வந்து நின்னது நீங்க ஒருத்தர்தான்.”

அருணகிரி கதவிலிருந்து விரலை எடுத்தார். அவள் புதுத் துணி ஒன்றை நீட்டினாள்.

“கதவை நான் பாத்துக்கிடுதேன். நீங்க கண்ணைத் தொடச்சுக்கிடுங்க. பாப்பா வருது.”