மணியடிக்கிற அதிகாரம்

அதிகாரத்துக்கு எல்லை வேண்டும் என்று எழுதி எழுதியே பெயர் வாங்கியவர் பேராசிரியர் ஆவுடையப்பன். அரசியல் சட்டம் என்றால் அவர்தான் என்று ஊரே சொல்லும்; அவரும் மறுக்கமாட்டார்.

அவர் துறைத்தலைவராக இருந்த சட்டக் கல்லூரியில் கருத்தரங்கம். மேஜைமணியைத் தற்காலிக விரிவுரையாளர் பிரிசில்லாவிடம் கொடுத்தது அவரேதான். "இருபது நிமிஷம் ஆனா அடிச்சிரும்மா. எவனா இருந்தாலும் தயவுதாட்சண்யம் பார்க்காதே."

பேச வந்தவர்களுக்கெல்லாம் அப்படியே அடித்தாள். கடைசியில் அவர் பேச எழுந்தார். தலைப்பு, அதிகாரத்தின் எல்லை. இருபது நிமிஷம் ஆகியும் எல்லை கண்ணில் படவில்லை. பின்னால் பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். பிரிசில்லா மணியடித்தாள்.

"எனக்கேவா?" என்றார் பேராசிரியர். "என்னோட நாற்பது வருஷ ஆராய்ச்சி என்னன்னு தெரியுமா உனக்கு? எங்கே, எல்லாத்தையும் ஒரே வரியில சொல்லு. சொல்லலேன்னா அடுத்த வருஷம் இங்கே உனக்கு வேலை கிடையாது."

பிரிசில்லா மறுபடியும் மணியை ஒரு தட்டுத் தட்டினாள். "அவ்வளவுதான் சார்."

"என்ன கொழுப்பு! மணியடிக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

"நீங்கதான் சார், காலையில. கொடுத்தவரையும் அது கட்டுப்படுத்தும்னுதானே இத்தனை வருஷமா எழுதுறீங்க?"

மாணவர்கள் கைதட்டினார்கள். பேராசிரியர் அதைத் தனக்கு விழுந்த கைதட்டலாகவே ஏற்று, கும்பிட்டபடி மேடையைவிட்டு இறங்கினார். வேறு வழி?

அத்தனை பேர் பார்த்தபின் அவளை நீக்கவும் முடியவில்லை. அடுத்த வருஷக் கருத்தரங்கில் பிரிசில்லா இருந்தாள். மேஜையில் மணிதான் இல்லை.