ஒரு சாண் தூரம்

மூன்றாவது முறையும் ஆவுடைநாயகி கணக்கைப் பாதியில் விட்டிருந்தாள். எண்ணிலிருந்து சராசரியைக் கழித்திருந்தாள். எண்கள் வழக்கமாக எவ்வளவு அலையும் என்று சொல்லும் திட்ட விலக்கத்தால் வகுக்கவில்லை.

புள்ளியியல் ஆசிரியர் தாவூத்துக்கு அவளைவிடப் பதினெட்டு வயது குறைவு. வாரக்கடைசி வகுப்பு முடிந்து மற்ற நர்ஸுகள் பஸ்ஸுக்குப் போன பிறகும் அவள் பெஞ்சை விட்டு எழவில்லை. ஏன் வகுக்கவில்லை என்று அவர் கேட்டார்.

“கழிச்சா எவ்வளவு தள்ளியிருக்குன்னு தெரிஞ்சுட்டு. அதுக்கு மேல எதுக்கு சார் வகுக்கணும்?”

அவர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பிறகு அவளாகவே பேசினாள். பத்து நாளாக வேலைக்குப் போகவில்லை. விருப்ப ஓய்வுக்கு எழுதிய கடிதம் பையில் இருக்கிறது.

ஏழாம் பெட்டில் ஒரு தபால்காரர். முப்பது வருஷம் சைக்கிள் மிதித்த உடம்பு. வார்டில் இருந்த ஒன்பது நாளும் அவருக்குப் பல்ஸ் ஐம்பத்தைந்து. கூடினால் ஒன்று, குறைந்தால் ஒன்று. எட்டாம் பெட்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்கு வேளைக்கு ஓர் எண். சராசரி எண்பத்திரண்டு, மேலும் கீழும் பத்துப் பத்தாக அலையும். அன்று மத்தியானம் இருவருக்கும் பதினான்கு கூடியிருந்தது. தொண்ணூற்றாறைப் பார்த்ததும் எட்டாம் பெட்டுக்கு டாக்டரைக் கூப்பிட்டாள். அறுபத்தொன்பதைப் பார்த்துவிட்டு, இன்றைக்குத்தான் உங்களுக்கு மனுஷப் பல்ஸ் என்று தபால்காரரைக் கேலி செய்தாள். அவரும் சிரித்தார். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

யாரும் அவளை ஏன் என்று கேட்கவில்லை. அறுபதிலிருந்து நூறு வரை இயல்பு என்று வார்டுச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.

“இயல்புதானே, சார்?”

தாவூத் கரும்பலகையில் தரை போல ஒரு கோடு இழுத்தார். அதன்மேல் அகலமாக, தாழ்வாக ஒரு மேடு வரைந்தார். அது ஆட்டோக்காரர் என்றார். அவருடைய பல்ஸ் அதிகம் புழங்கும் இடம் நடு. அபூர்வமாகப் போகும் இடம் ஓரம். தள்ளி, அதே கோட்டின்மேல் இன்னொன்று. ஒடுங்கி, உயர்ந்து, ஊசி மாதிரி நின்றது. அது தபால்காரர்.

பதினான்கை ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்.

“ரெண்டுலயும் நடுவில இருந்து ஒரு சாண் அளங்க, சிஸ்டர்.”

“வெள்ளம் தலைக்கு மேல போயாச்சு. சாண் என்ன, முழம் என்ன” என்று முனகிக்கொண்டே எழுந்தாள்.

முதல் மேட்டில் அவளுடைய சுண்டுவிரல் சரிவின்மேல் நின்றது. அதற்கப்பாலும் மேடு இருந்தது. இரண்டாவதில் கையை விரித்தாள். மேடு கட்டைவிரலை ஒட்டியே முடிந்துபோயிருந்தது. சுண்டுவிரல் வெறும் கோட்டில் கிடந்தது.

கையை எடுக்கவில்லை.

“அப்போ சுவத்துல ஒட்டியிருக்கிறது?”

“அது ஊருக்கு மொத்தமா வரைஞ்ச மேடு.”

அவள் சாக்பீஸை வாங்கினாள். பதினான்கைப் பத்தால் வகுத்து அகலமான மேட்டின் கீழ் ஒன்று புள்ளி நான்கு என்று எழுதினாள். ஒன்றால் வகுத்து ஊசியின் கீழ் பதினான்கு என்று எழுதினாள். அவள் முழுதாகப் போட்ட முதல் கணக்கு அது.

“அப்பவே வகுத்திருந்தா பிழைச்சிருப்பாரா?”

“அது இந்தக் கணக்குல வராது, சிஸ்டர்.”

அவள் பையைத் தோளில் மாட்டினாள். உடம்பும் ஓய்ந்துவிட்டது, நாளைக்கே கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். தாவூத் தலையசைத்தார். அவள் வாசல் வரை போன பிறகு கேட்டார்.

“ஏழாம் பெட்டுல இப்ப யாரு இருக்கா?”

“தெரியாது, சார். நான்தான் போகலையே.”

“அவருக்கு எது இயல்புன்னு யாரு பார்த்துட்டிருக்கா?”