சிட்டுக்குக் கருப்பன் கொடுத்த சொல்

அந்தக் காலத்தில் கேமராக்கள் பேசின. அந்தக் காலம் என்றதும் ராஜா, ராணி என்று போய்விடாதீர்கள். கல்யாண மண்டபங்களுக்கு ஏ.சி. வந்துவிட்ட காலம்தான். கேமரா பேசுவது எல்லார் காதிலும் விழாது. யார் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அவர் காதில் மட்டும் விழும். ஒரு கேமரா பேசுவது இன்னொரு கேமராவுக்கும் கேட்கும். நம்ப மாட்டேன் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சங்கரன்கோவிலில் முப்பிடாதி என்று ஒரு போட்டோக்காரி இருந்தாள். அவளிடம் இரண்டு கேமராக்கள். ஒன்று பதினோரு வருஷத்துப் பழைய டி.எஸ்.எல்.ஆர். பிடிமான ரப்பர் பிய்ந்து, பசை போட்டு ஒட்டிய கனத்த உடம்பு. அதற்கு அவள் வைத்த பெயர் கருப்பன். இன்னொன்று ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய மிரர்லெஸ். அந்த வகையில் ஆரம்பக்காரர்கள் வாங்குகிற சின்னது. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் பெயர் சிட்டு.

கருப்பனுக்கு உள்ளே ஒரு கண்ணாடி உண்டு. எதிரே இருப்பதை அந்தக் கண்ணாடிதான் ஏந்தி, மேலே கண் வைத்துப் பார்க்கிற துளைக்கு அனுப்பும். பொத்தானை அமுக்கினால் கண்ணாடி துள்ளி எழுந்து 'கடக்' என்று அடித்துவிட்டு மறுபடி விழும். அந்த ஒரு நொடி துளை இருட்டாகிவிடும். சிட்டுக்குக் கண்ணாடியே கிடையாது. துளைக்குள் ஒரு குட்டித் திரை. எடுக்கப்போகிற படம் எப்படி வரும் என்று எடுப்பதற்கு முன்பே காட்டிவிடும். கூட்டத்தில் யார் கண் எங்கே இருக்கிறது என்று தானே தேடிப் பிடிக்கும். சத்தம் என்பதே இல்லை. ஆனால் எந்நேரமும் விழித்துக்கொண்டே இருப்பதால் பசி அதிகம். அதற்காகவே முப்பிடாதி இடுப்புப் பையில் நாலு பேட்டரி போட்டுக்கொண்டு திரிவாள். கருப்பன் ஒரே பேட்டரியில் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து கடைசிப் பந்தி வரைக்கும் ஓட்டிவிடுவான்.

இரண்டுக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை.

"அண்ணாச்சி, எடுக்குற நேரம் பாத்துக் கண்ண மூடிக்கிடுதீரே, வெக்கமா இல்லையா? எடுக்குற படத்த எடுக்குறவனே பாக்கலன்னா அது என்ன பொழப்பு?" என்று சிட்டு சீண்டும்.

"நான் பாக்காட்டா என்னலே? எடுத்துட்டேன்னு ஊருக்கே தெரியும்லா. நீ முழிச்சுக்கிட்டே எடுத்தியே, யாருக்கு என்ன தெரிஞ்சுது?" என்பான் கருப்பன்.

முப்பிடாதி இரண்டையும் ஒரே பையில் போட்டு மூடிவிடுவாள்.

அப்படி இருக்கும்போது ஒரு கல்யாணம் வந்தது. பெண் தங்கமாரி. மாப்பிள்ளை சிவபெருமாள். மாப்பிள்ளையின் அம்மா சண்முகக்கனி காலையிலேயே முப்பிடாதியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா போட்டோக்காரி, அந்தக் கடக் கடக்னு அடிக்கிற டப்பாவ வெளிய எடுத்துராத. எங்க மூத்தவன் கல்யாண வீடியோவில மந்திரமே கேக்கல. இந்தச் சத்தம்தான் கேக்கு."

"சரிங்கம்மா."

"இன்னொண்ணு. பொண்ணோட அம்மா எந்தப் படத்துலயும் விழக்கூடாது. தாலி இழந்தவ. எம் மவன் நல்லா இருக்கணும்லா, அதுக்குத்தான் சொல்லுதேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத."

நல்லா இருக்கணும், நல்லா இருக்கணும் என்று சொல்லிச் சொல்லியே இந்த உலகத்தில் எத்தனை பேரைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள்! எனக்கு இந்த இடத்தில் எப்போதும் ஆத்திரம் வந்துவிடும். அந்தப் பெண்ணின் அம்மா, பூமயில் என்று பெயர், புருஷன் போன பிறகு பீடி சுற்றி மகளைப் படிக்கவைத்தவள். மண்டபம் பிடித்தது அவள். சமையலுக்கு ஆள் பார்த்தது அவள். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியைக்கூட அவள்தான் நாலு கடை ஏறி இறங்கி எடுத்தாள். தாரை வார்க்க மட்டும் சித்தப்பாவும் சித்தியும் போதுமாம்.

அலங்கார அறையில் தங்கமாரி முப்பிடாதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, எங்கம்மாவ மேடைக்கு விட மாட்டாங்க. அது எனக்குத் தெரியும். தாலி ஏறினதும் அவ முகம் எப்படி இருக்குன்னு நான் பாக்கணும். ஒரே ஒரு படம். அது இல்லன்னா எனக்கு இந்த ஆல்பமே வேண்டாம்."

முப்பிடாதி சரி என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். அந்தப் பக்கமும் சரி சொல்லியாயிற்று, இந்தப் பக்கமும் சரி சொல்லியாயிற்று.

"இதுக்குப் போய் முழிக்கியே அக்கா," என்றது கழுத்தில் தொங்கிய சிட்டு. "நான் எதுக்கு இருக்கேன்? தூரத்துல நின்னு ஒரு தட்டு தட்டு. எடுத்ததே யாருக்கும் தெரியாது. அந்த அம்மாவுக்கே தெரியாது."

தோள்பைக்குள்ளிருந்து கருப்பன் சீறினான். "ஏன் ஒளிச்சு எடுக்கணும்? அவ என்ன களவாணியா? பெத்த மவ கல்யாணத்துக்கு வந்திருக்கா."

"கருப்பா, நீ வாய மூடு. உன்ன வெளிய எடுத்தா எனக்கு இன்னைக்கு வசவுதான்," என்றாள் முப்பிடாதி.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு தூண். அதன் பின்னால் பூமயில் நின்றுகொண்டிருந்தாள். தாலிக்கு முன்பே ஒரு முறை எடுத்துப் பார்க்கலாம் என்று, முப்பிடாதி தாம்பூலத் தட்டைப் படம் எடுப்பவள்போல நின்று, சிட்டை லேசாகத் திருப்பி ஒரு தட்டு தட்டினாள். யாரும் திரும்பவில்லை. திரையில் பார்த்தாள். கண் எல்லாம் துல்லியமாகத்தான் வந்திருந்தது. ஆனால் அந்த முகம், பாதி தூணிலும் பாதி வெளியிலுமாக, எட்டிப்பார்த்து மாட்டிக்கொண்ட ஆளின் முகமாக இருந்தது. முப்பிடாதிக்குக் கூசியது. இப்படி ஒரு படத்தைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம், இந்தா உன் அம்மா என்று எப்படிக் கொடுப்பது? படத்தை அழித்தாள்.

"ஏன் அழிச்ச? நல்லாத்தான இருந்துச்சு!" என்று சிட்டு பதறியது.

அவள் சிட்டை மேடை ஓரத்தில் ஸ்டாண்டில் பொருத்தி, மணையைப் பார்த்துத் திருப்பி, செல்போனில் அமுக்கினால் எடுக்கும்படி வைத்தாள். பிறகு பையைத் திறந்தாள்.

"வாலே கருப்பா."

"தாலி கட்டும்போது என்ன அமுக்காத," என்றான் கருப்பன். "கெட்டிமேளத்துல என் சத்தம் முங்கிப்போவும். முங்குறதுக்கா நான் வந்தேன்? மேளம் நிக்கட்டும்."

கெட்டிமேளம் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். தாலி ஏறுகிற நேரம் தும்மலோ அழுகையோ வேண்டாத பேச்சோ காதில் விழுந்துவிடக் கூடாது என்றுதான் அத்தனை அடி அடிப்பது. ஐயர் விரலை ஆட்டினார். தவில்காரர் வெளுத்து வாங்கினார். அட்சதை பறந்தது. சிவபெருமாள் முடிச்சுப் போட, முப்பிடாதி ஒரு கையால் செல்போனை அமுக்க, சிட்டு ஒரு சத்தமும் இல்லாமல் இருபது படம் எடுத்தது.

ஆனால் முப்பிடாதி மேடையைப் பார்த்து நிற்கவில்லை. தாலி கட்டுகிற நேரத்தில் மணமக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற போட்டோக்காரியை அந்த மண்டபம் அன்றுதான் பார்த்தது. கருப்பனைக் கண்ணில் வைத்துத் தூணைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். பூமயில் அட்சதையைப் போடவில்லை. போடலாமா கூடாதா என்று தெரியாமல், கையை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள்.

மேளம் நின்றது. ஒரு மூச்சு இழுக்கிற நேரம் மண்டபமே அமைதியாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, பூமயில் மெதுவாகக் கையைத் திறந்து மகள் இருக்கும் திசையில் நாலு அரிசியை எறிந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

கடக்.

அத்தனை தலையும் திரும்பியது. முதலில் கேமராவைப் பார்த்தார்கள். பிறகு கேமரா பார்க்கிற இடத்தைப் பார்த்தார்கள். தூணுக்குப் பக்கத்தில், கையில் மிச்ச அட்சதையுடன், பெண்ணின் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டுடி எடுத்த?" என்று சண்முகக்கனி மேடையிலிருந்து கத்தினார். "அந்த டப்பாவ எடுக்காதன்னு சொன்னேன்லா!"

"பொண்ணோட அம்மாவ எடுத்தேன்," என்றாள் முப்பிடாதி. கருப்பனைக் கீழே இறக்கவில்லை. "நான் போட்டோ எடுக்க வந்தவ. இங்க இருக்கிறவங்கள எடுத்தேன். இதுல கேக்க என்ன இருக்கு?"

பூமயில் மறுபடி தூணுக்குப் பின்னால் போகப் பார்த்தாள். அதற்குள் தங்கமாரி மணையிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அம்மா, இப்போ எழுந்திருக்கப்படாது," என்றார் ஐயர்.

"ரெண்டு நிமிஷம் சாமி," என்றாள் தங்கமாரி. மாமியாரைப் பார்த்தாள். "அத்தை, எங்கம்மா மேல வரட்டும். அவ நிக்காத போட்டோல நானும் நிக்க மாட்டேன். உங்க மவன மட்டும் தனியா நிக்க வச்சு எடுத்துக்கிடுங்க."

சிவபெருமாள் ஒன்றும் பேசவில்லை. பேசுகிற தைரியம் அவனுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கொஞ்சம் நகர்ந்து, தனக்கும் பெண்ணுக்கும் பின்னால் ஓர் ஆள் நிற்க இடம் விட்டான். அதை எல்லாரும் பார்த்தார்கள். சண்முகக்கனியும் பார்த்தார்.

"நான் என்ன அவங்கள வரவே கூடாதுன்னா சொன்னேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வரச் சொல்லு, வரச் சொல்லு. மந்திரம் பாதியில நிக்குது."

பூமயில் படியேறி வந்தாள். மந்திரம் முடிந்ததும் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். சிட்டு ஸ்டாண்டில் தயாராக இருந்ததால் முப்பிடாதி அதைத்தான் அமுக்கினாள். கண்ணெல்லாம் பிடித்து, அழகாக, நாலு படம். எடுத்து முடித்துவிட்டு நிமிர்ந்தால், மேடையில் ஒருத்தர்கூட அசையவில்லை. சித்தப்பா பல்லைக் காட்டியபடியே இருக்கிறார். ஒரு குழந்தைக்கு மூக்கு அரிக்கிறது, சொறியப் பயந்து நிற்கிறது.

"அவ்வளவுதான், எடுத்தாச்சு," என்றாள் முப்பிடாதி.

எல்லாரும் கலைந்தார்கள். பூமயில் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். மூச்சைக்கூட விடவில்லை.

"எடுத்தாச்சாம்மா?" என்றாள் மெதுவாக. "சத்தமே வரலையே. எடுத்த மாதிரி சும்மா காட்டிட்டீங்களா? பரவால்ல, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

இத்தனை வருஷம் ஒதுக்கி ஒதுக்கியே வைத்ததில், படத்தில் நிற்கவைத்த பிறகும் அந்த மனுஷியால் நம்ப முடியவில்லை. ஸ்டாண்டில் இருந்த சிட்டுக்கு அப்போதுதான் முதல் முறையாக வாய் அடைத்துப்போயிற்று.

முப்பிடாதி எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு நிற்கவைத்தாள். கருப்பனைத் தூக்கினாள்.

கடக்.

பூமயில் மூச்சை விட்டாள். மகளின் தோளில் கை வைத்தாள்.

சாயங்காலம் பைக்குள் சிட்டு, "அண்ணாச்சி, அந்தச் சத்தத்த எனக்கும் தாரீரா?" என்று கேட்டது.

"உனக்கு எதுக்குலே? ஓசப்படாம எடுக்குறதுதான ஒனக்குப் பெரும?"

"அந்தம்மா நம்பலயே அண்ணாச்சி. நான் நாலு படம் எடுத்தேன். எடுத்தேன்னு அவுககிட்ட சொல்ல எனக்கு ஒரு வார்த்த இல்ல. நான் பேசுறதுதான் முப்பிடாதி அக்கா காதத் தாண்டாதே."

கருப்பன் யோசித்தான். "தாரேன். ஆனா இது எல்லார் காதுலயும் விழுற வார்த்த. ஒருத்தர் காதுல மட்டும் ஓதுற பேச்ச வச்சுக்கிட்டு இதையும் வச்சுக்கிட முடியாது. அத விடணும். அப்புறம், யாரயும் ஒளிச்சு எடுக்கேன்னு பெரும பேசப்படாது."

"விட்டுருதேன். ஆனா எனக்கு உள்ள கண்ணாடியே இல்லையே, எத வச்சு அடிக்க?"

"என் சத்தத்த அப்படியே வாங்கி வயித்துக்குள்ள வச்சுக்க. நேரம் வரும்போது சொல்லு."

"அப்போ நீரு?"

"நானும் பேச்ச விட்டுட்டேன்னு வச்சுக்க. இன்னைக்கு மண்டபத்துல கடக்னு சொன்னதுக்கு மேல சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

மறுநாள் காலையில் முப்பிடாதி பையைத் திறந்து, இரண்டையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. சிட்டைக் கையில் எடுத்து, ஜன்னலைப் பார்த்து ஒரு தட்டு தட்டினாள். உள்ளே தூக்கி அடிக்க ஒன்றுமே இல்லாத அந்தக் குட்டி உடம்பிலிருந்து கணீரென்று வந்தது சத்தம், கடக் என்று. சத்தம் வேண்டாதவர்கள் அதை நிறுத்திவைக்கக் கேமராவின் மெனுவுக்குள் ஓர் இடம் உண்டு. முப்பிடாதி ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை.

கேமராக்கள் பேச்சை விட்டதும், கண்ணாடி இல்லாத கேமராவும் கண்ணாடி அடிக்கிற சத்தத்தைச் சொல்லத் தொடங்கியதும், மேடையில் நிற்கிற ஜனங்கள் அந்தச் சத்தம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, வந்த பிறகே தாங்களும் படத்தில் இருக்கிறோம் என்று நம்புவதும் அன்று முதல்தான்.