கழுத்து வரை பெட்ரோல்

பீர்முகமதுவின் பட்டறையில் ஒரே ஒரு சீடர்தான். அவரும் குருவைவிட வயதில் மூத்தவர்.

ரோசலி பல வருடம் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ஆட்டோ கைவிட்டுப் போன பிறகு, ஓட்டியது போதும், இனி வண்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று வத்தலக்குண்டில் உள்ள பட்டறைகளில் எல்லாம் வேலை கேட்டார். ஒருவர் டீ வாங்கி வரச் சொன்னார். ஒருவர் வாசலைப் பெருக்கச் சொன்னார். இன்னொருவர், வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையா என்று அக்கறையாக விசாரித்தார். பீர்முகமது மட்டும் ஒரு ஸ்பேனரைக் கையில் கொடுத்து, இது எத்தனாம் நம்பர் என்று கேட்டார். ரோசலி அதைத் தடவிப் பார்த்தே சொன்னார். அன்றிலிருந்து அவர் இவருக்கு வாத்தியார். இவர் அவருக்கு அக்கா.

இந்த இடமும் போனால் தனக்கு வேறு இடம் இல்லை என்பது ரோசலிக்குத் தெரியும். வாயை அடக்கிக்கொண்டு இருந்திருக்கலாம். அது அடங்குகிற வாய் இல்லை.

ஒரு நாள் ராக்கியப்பனின் டாக்சி ஒன்று பட்டறைக்கு வந்தது. ராக்கியப்பனுக்கு ஆறு டாக்சிகள், எல்லாம் கொடைக்கானல் மலைக்கு ஏறி இறங்குகிறவை. பட்டறைக்கு வருகிற வேலையில் பாதி அவருடையது. டிரைவர் சின்னமாயன் குறையைச் சொன்னார். பங்கில் பெட்ரோல் போடும்போது குழாய் டக் டக்கென்று நின்றுவிடுகிறது. போட்டு முடித்துக் கிளம்பினால் வண்டி இருமுகிறது. மலையேறும்போது வளைவில் நின்றுபோகிறது. மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தபடியே இருக்கிறது.

பெட்ரோல் டேங்கும் மூச்சு விடும். உள்ளே எழும் ஆவி, கரி நிரப்பிய ஒரு டப்பாவுக்குப் போய்த் தங்கும். எஞ்சின் ஓடும்போது அதை இழுத்து எரித்துக்கொள்ளும். டப்பாவுக்கு வெளிக்காற்று வந்துபோக ஒரு வழி, அந்த வழியில் ஒரு வால்வு. அது அடைத்தால் டேங்க் திணறும்.

ரோசலி ஸ்கேனரை மாட்டினார். அது அந்த வழியைத்தான் காட்டியது. குழாயைக் கழற்றி வாய் வைத்து ஊதினார். காற்று போகவில்லை. வால்வைத் திறந்தால் உள்ளே மலைச்சாலைப் புழுதி அப்பிக் கிடந்தது.

புது வால்வைப் போட்டுவிட்டு வாத்தியாரிடம் வந்து நின்றார்.

"சரி பண்ணிட்டேன்."

பீர்முகமது தலையை ஆட்டினார். அது பாராட்டா, வெறும் தலையாட்டலா என்று ரோசலி அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார்.

சில நாளில் வண்டி திரும்பி வந்தது. அதே இருமல்.

இந்த முறை கரி டப்பாவைக் கழற்றினார். உலர்ந்திருந்தால் லேசாக இருக்கும். இது ஈரத்துணி மாதிரி கனத்தது. சாய்த்ததும் பெட்ரோல் சொட்டியது. ஆவி தங்க வேண்டிய இடத்தில் பெட்ரோலே வந்து உட்கார்ந்திருந்தது. புது டப்பா மாற்றினார். ராக்கியப்பன் போனில் முணுமுணுத்தார்.

அதுவும் திரும்பி வந்தது. புது டப்பாவிலும் பெட்ரோல்.

இதற்குள் டாக்சி ஸ்டாண்டில் பேச்சு கிளம்பிவிட்டது. பொம்பளை கை வைத்த வண்டி மலை ஏறுமா என்று ஒருவர் கேட்க, ஏறும், ஆனால் அழுதுகொண்டே ஏறும் என்று இன்னொருவர் சொன்னாராம். ரோசலியின் காதுக்கு அது வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. அவர் ஸ்பேனரைக் கீழே போட்ட சத்தம் தெருவரை கேட்டது.

"வால்வு, டப்பா, குழாய், மூடி எல்லாம் பாத்துட்டேன் வாத்தியாரே. ஒண்ணுலயும் பழுது இல்ல."

"டிரைவரு?"

"டிரைவரு என்ன வண்டியோட பாகமா?"

"கழட்டிப் பாத்தாத்தானே தெரியும்."

சின்னமாயன் எதிர்க்கடையில் வடை தின்றுகொண்டிருந்தார். அவரைக் கழற்ற அதிக நேரம் பிடிக்கவில்லை. ராக்கியப்பனின் வண்டி காலையில் கழுத்து வரை பெட்ரோலோடு வெளியே போகும், மாலையில் கழுத்து வரை பெட்ரோலோடு திரும்ப வேண்டும். அதுதான் சட்டம். முதலாளி பெட்ரோல் அளவு காட்டும் முள்ளை நம்ப மாட்டார். முன்னொரு காலத்தில் எவனோ ஒரு டிரைவர் ஏமாற்றிவிட்டுப் போனானாம். அதனால் தினமும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். பெட்ரோல் கண்ணுக்குப் பளபளவென்று தெரிய வேண்டும். பங்கில் குழாய் தானாக நின்ற பிறகும், வண்டியை இரண்டு பேர் பிடித்து ஆட்டி ஆட்டி, இன்னும் இன்னும் என்று ஊற்றுவார்கள். ஆறு வண்டிக்கும் இதே கதைதான், முதலில் படுத்தது இது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு சின்னமாயன் இன்னொரு வடை கேட்டார்.

ரோசலி திரும்பி வந்தார்.

"டேங்குல காத்துக்கு இடமே விடல. மிஞ்சுற பெட்ரோல் எல்லாம் கரிக்குள்ள எறங்குது. இது வால்வுப் பழுது இல்ல வாத்தியாரே. முதலாளிப் பழுது."

"அப்ப அவர்கிட்ட சொல்லுங்க."

"நானா? நீங்கதானே வாத்தியார்."

"கண்டுபிடிச்சது நீங்க."

 ஆறு வண்டி வைத்திருப்பவரிடம் குறை சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாத வயதில்லை ரோசலிக்கு. சொல்லாவிட்டால், தன் கை ராசியில்லாத கை என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

"சொல்றேன். ஆனா குழைஞ்சு பேச மாட்டேன்."

"நான் குழையச் சொல்லலையே."

போனில் சொன்னார். ராக்கியப்பன் பாதியிலேயே போனை வைத்துவிட்டார். அன்று மதியமே வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் பட்டறைக்கு வந்து இறங்கினார். ரோசலியைப் பார்க்கவே இல்லை. வாத்தியாரைப் பார்த்துத்தான் பேசினார். பத்து வருடப் பழக்கம் என்றார். தன் வண்டிகளால்தான் இந்தக் கூரை நிற்கிறது என்றார். வேலை தெரியாதவர்களை வைத்துக்கொண்டு, பழுதை முதலாளி தலையில் கட்டுவது நன்றாக இல்லை என்றார்.

பீர்முகமது ரோசலியின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கக்கா. அண்ணனுக்குப் போன்ல சரியாக் கேக்கல போல."

ரோசலி நனைந்த டப்பாவை எடுத்து வந்து ராக்கியப்பன் காலடியில் சாய்த்தார். சிமெண்டுத் தரையில் பெட்ரோல் ஒழுகியது.

"உங்க பெட்ரோல யாரும் திருடல. நீங்க ஊத்தச் சொன்னதுதான் இங்க இருக்கு. மோந்து பாத்துக்குங்க."

"என் வண்டி. என் டேங்கு. ததும்பத் ததும்பத்தான் ஊத்துவேன்."

"ஊத்துங்க. மலையில நிக்கும்போது என் கையச் சொல்லாதீங்க."

ராக்கியப்பனின் முகம் சிவந்தது. இந்த அம்மா மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் இனி இங்கே வேலை செய்யக் கூடாது என்றார். ரோசலி டப்பாவைக் கையில் பிடித்தபடியே நின்றார்.   மன்னிப்பு வரவில்லை.

"உக்காருங்கண்ணே," என்றார் பீர்முகமது. "ஜாக்குக்குக் கொஞ்சம் எண்ணெய் ஊத்திட்டு வந்துடுறேன்."

புதுத் தகர டின் ஒன்றை எடுத்து வந்தார். மூலையில் ஸ்குரூடிரைவரை வைத்து ஒரே தட்டு. ஒரு ஓட்டை. அப்படியே கவிழ்த்து ஊற்றினார். எண்ணெய் வந்தது, நின்றது, களக் களக்கென்று குமட்டியது, மறுபடி பீறிட்டது. பாதி ஜாக்கில் விழுந்தது. மீதி ராக்கியப்பனின் வேட்டியில் பூப்பூவாகத் தெறித்தது.

ராக்கியப்பன் துள்ளி எழுந்தார்.

"என்ன பாய் இது. எதிர்மூலையில இன்னொரு ஓட்டை போட வேண்டாமா? காத்து உள்ள போனாத்தானே எண்ணெய் ஒழுங்கா வரும். எங்க வீட்டுச் சமையக்காரருக்குத் தெரியுது, உமக்குத் தெரியலையா?"

"தெரியும்ணே. ரெண்டு ஓட்டை இருந்தா எவனாவது எண்ணெயை எடுத்துருவானோன்னுதான்."

சின்னமாயன் வாசலில் நின்று இருமினார். அது சிரிப்பை மறைக்கும் இருமல் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

ராக்கியப்பன் வேட்டியைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். தரையில் பரவிய பெட்ரோலையும் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததுதான் அவரை இன்னும் கோபமாக்கியது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாய். இந்த அம்மாவா, என் ஆறு வண்டியா?"

"உங்க வண்டிச் சாவி மேசை மேல இருக்குண்ணே."

ராக்கியப்பன் சாவியை எடுத்தார். டிரைவரிடம் வீசினார். வண்டியைக் கயிறு கட்டியாவது இழுத்துக்கொண்டு போகச் சொன்னார். மற்ற ஐந்தும் இனி இந்தப் பக்கம் வராது என்றார். கழற்றிய அந்த நனைந்த டப்பாவையே திரும்ப மாட்டித் தரச் சொன்னார். ரோசலி மாட்டித் தந்தார், எல்லா போல்ட்டையும் ஒழுங்காக முறுக்கி. வண்டி இருமிக்கொண்டே தெருமுனையில் திரும்பியது.

பட்டறை காலியாகிவிட்டது.  வாடகை இருக்கிறது, வாத்தியாருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், தன்னால்தானே எல்லாம் என்று ரோசலியின் மனம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன் வாத்தியாரே. வேணும்னா நான் வேலைய விட்டு நின்னுக்குறேன். அவர் திரும்ப வந்துருவார்."

பீர்முகமது டின்னின் எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை தட்டிக்கொண்டிருந்தார். 

ரோசலியால் பொறுக்க முடியவில்லை. "நான் பேசாம டப்பாவை மட்டும் மாத்திக் குடுத்திருக்கலாம். நீங்க என்னைத் தடுத்திருக்கலாம். ஏன் தடுக்கல?"

"மாத்திக் குடுத்திருக்கலாம்க்கா. மாசா மாசம் வந்திருப்பார். ஆறு வண்டிக்கும் ஆறு டப்பா. நல்ல வரும்படி." எண்ணெய் இப்போது நூல் பிடித்த மாதிரி சத்தமில்லாமல் இறங்கியது. "அப்படி வேலை செய்யுற பட்டறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒண்ணு இருக்கு. அங்கயே டீ வாங்கிக் குடுத்துட்டு நின்னிருக்கலாமே, இங்க எதுக்கு வந்தீங்க?"